ஓர் அடிக்கு ஓர் அங்குலம்

குற்றாலத்துச் சாரலை வைத மனிதர் என்று இந்த வட்டாரத்தில் ஒருவரைத்தான் காட்ட முடியும். ஆனி பிறந்து, மேற்கே மலைமுகம் மறைந்து, முதல் தூற்றல் காற்றோடு வந்து கன்னத்தில் பட்டால், தென்காசிக்காரன் தன் பகையாளியைப் பார்த்துக்கூடச் சிரித்துவிடுவான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று எதிரே வருகிறவனை நிறுத்தி விசாரிப்பான். மேலகரத்தில், குற்றாலச் சாலையை ஒட்டிய தம் வீட்டு வராந்தாவில் நின்ற சங்கரநாராயணனோ, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த ஈரப்பதமானியைப் பார்த்தார். எண்பத்தொன்பது.

"வந்துட்டான் பாவி," என்றார்.

அடுக்களையிலிருந்து அவர் மனைவி செண்பகவல்லி குரல் கொடுத்தாள். "யாரு வந்திருக்கா?"

"சாரல்."

"அதுக்கா இப்பிடி வையுதிய? ஊரே காத்துக் கெடக்கு."

"ஊரு காரா செய்யுது? நான்லா செய்யுதேன்."

அவர் செய்தவை சிறு கார்கள். பொம்மை என்று யாரேனும் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குக் காப்பி கிடையாது. பொதுப்பணித்துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வரைவாளராக இருந்து, அணைகளையும் மதகுகளையும் கோடு பிசகாமல் தாளில் வரைந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு கைக்கு வேலை தேடி இதில் இறங்கியவர், பன்னிரண்டு ஆண்டுகளில் பதினோரு கார்களை முடித்திருந்தார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது அவர் வைத்துக்கொண்ட அளவு. பதின்மூன்றடிக் கார் பதின்மூன்று அங்குலமாகும்; கதவுக் கைப்பிடி அரிசி நீளமாகும். முதலில் காரின் உருவை மரத்தில் செதுக்குவார். அதன்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை இழுத்துப் படியவைத்து, ஆறியதும் உரித்தெடுத்தால், முட்டை ஓடு போல மெல்லிய கூடு கிடைக்கும். பிறகு சன்னல் அறுத்து, கதவுக் கோடு கீறி, உப்புத்தாளைத் தண்ணீரில் தோய்த்து நாள்கணக்கில் தேய்ப்பார். வண்ணம் அதற்கப்புறம்தான்.

புதுக் காரைப் போலச் செய்வது அவருக்கு ஒரு பொருட்டன்று. ஓடிய காரைப் போலச் செய்ய வேண்டும். டயரில் செம்மண், புகைக்குழாய் வாயில் கரி, கதவின் கீழ்விளிம்பில் துரு, எல்லாம் இருக்கும். எல்லாம் வண்ணத்தால் வந்தவை. பார்க்க வந்தவர்கள் துருவை விரலால் சுரண்டப் போவார்கள். "தொடப்பிடாது," என்று அவர் குறுக்கே கை நீட்டுவார்.

அந்த வீட்டில் இந்தத் தொழிலுக்கு இரண்டு விதிகள் இருந்தன. முடியாததை யாரும் பார்க்கக்கூடாது. முடிந்ததை யாரும் தொடக்கூடாது. நாற்பத்துமூன்று ஆண்டுகள் அவரோடு வாழ்ந்த செண்பகவல்லி, ஈயச் சொம்பைக்கூட அவர் விதித்த இடத்தில் வைக்கப் பழகியிருந்தவள், இவ்விரண்டையும் மீறியதில்லை.

பன்னிரண்டாவது காரைக் கேட்டவள் அவளே. பங்குனியில் ஒரு நாள் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஊரு காரெல்லாம் செய்யுதிய. நம்ம வண்டிய ஒரு தடவ செஞ்சிருங்களேன்."

"எதுக்கு இப்பம் திடீர்னு?"

"கண்ணுல வெளிச்சம் கெடக்கும்போதே ஒருக்க பாத்துக்கிடுதேன்."

சர்க்கரை நோய் அவளுடைய இடக்கண்ணை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தின்றுவிட்டிருந்தது. வலக்கண்ணுக்குத் திருநெல்வேலியில் மாதம் ஒருமுறை ஊசி. கண்ணுக்குள்ளேயே குத்துகிற ஊசி அது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். பேருந்தில் திரும்பும்போது பச்சைத் துணி மறைத்த கண்ணோடு, ஆலங்குளம் வந்துவிட்டதா, பாவூர்சத்திரம் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வருவாள்.

நம்ம வண்டி என்றது வெளிர்பச்சை பியட் கார். பதினேழு ஆண்டுகள் வீட்டில் நின்று, பிறகு கைமாறி, எங்கோ உடைபட்டு எடைக்குப் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு புகைப்படம். அதில் காரின் பின்புற இடப்பக்க மட்கார்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிசல் தெரியும்.

அந்த நெளிசலுக்குச் சொந்தக்காரி செண்பகவல்லி. ஒரே மகள் அபர்ணாவுக்கு ஆறு வயதிருக்கும்போது அவள் கார் ஓட்டப் படித்தாள். பழகுநர் உரிமம்கூட வாங்கியாயிற்று. பழைய குற்றாலம் போகிற சாலையில், பதினோராம் நாள், பின்னுக்கு எடுத்துத் திருப்பும்போது கார் ஒரு மைல்கல்லில் போய் உட்கார்ந்தது. கல்லின் சுண்ணாம்பு வெள்ளையாக மட்கார்டில் ஒட்டிக்கொண்டது. சங்கரநாராயணன் இறங்கி வந்து, கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். அந்தச் சாவி பிறகு அவள் கைக்கு வரவேயில்லை.

டிங்கரிங் கடை வைத்திருந்த முகம்மது மீரான் அப்போது இளைஞன். நெளிசலைத் தட்டி எடுக்க வந்தவனைச் செண்பகவல்லி தடுத்துவிட்டாள். "அது கெடந்துட்டுப் போகுது தம்பி," என்றாள். சங்கரநாராயணனும் சம்மதித்தார். வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சுட்டி, "நம்ம வீட்டம்மா கைவரிசை" என்று காட்டுவது அவருக்கு வசதியாக இருந்தது. அவள் எதற்காக அதை வைத்துக்கொண்டாள் என்று அவர் கேட்டதில்லை.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கூடு வேலையில் போயின. இருக்கை உறைக்கு அவளுடைய பழைய ரவிக்கையின் சிறு கட்டம் போட்ட துணி. பம்பருக்குச் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாள். வேலை செய்யும் அறைக்குக் கதவு உண்டு. கதவுக்குத் திரையும் போட்டுக்கொண்டார்.

வண்ணத்துக்கு மீரான் வந்தார். இப்போது அவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. கடையநல்லூரிலிருந்து தினமும் வந்து, தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை நடத்துகிறார். சின்னச் சின்னப் புட்டிகளில் பச்சையைப் பல பதத்தில் கலந்து முன்தினமே கொடுத்திருந்தார்.

"மைல்கல் அக்கா எங்க?" என்றபடியே செருப்பைக் கழற்றினார்.

"இந்தா வந்துட்டான், முப்பது வருசமா இந்த ஒண்ணையே பாடிக்கிட்டு," என்றாள் செண்பகவல்லி. "கல்லு நவுந்து வந்து இடிச்சா நான் என்ன செய்ய?"

"ஆமா, கல்லுக்கு லைசென்ஸ் கெடையாதுல்லா!"

"எனக்கு மட்டும் முழுசா இருந்துச்சாக்கும்? கையில இருந்த பழகுற லைசென்சையும் உங்க அண்ணாச்சி கெட விட்டுட்டாவ."

சிரிப்பு அடங்குவதற்குள் சங்கரநாராயணன் முதுகில் வண்ணம் அடித்துக் காயவைத்த ஏழு பிளாஸ்டிக் கரண்டிகளை மேசையில் வரிசையாக வைத்தார். கார்மேல் அடிக்கும் முன்பு கரண்டி முதுகில் அடித்துப் பார்ப்பது இந்தத் தொழிலின் வழக்கம். வளைவில் வெளிச்சம் எப்படி விழும் என்பது அதில் தெரியும்.

"எது நம்ம வண்டி நெறம்? நீயே சொல்லு."

செண்பகவல்லி ஒவ்வொன்றாக எடுத்துச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான்காவதைத் தனியே வைத்தாள்.

அவர் முகம் சுருங்கியது. "ஏட்டி, இது சாம்பல். அடிப்பூச்சுக்குன்னு வச்சிருக்கேன். பச்சைக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாம, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

சொன்ன மாத்திரத்தில் மீரான் அவரைப் பார்த்தார். செண்பகவல்லி கரண்டியைத் திரும்ப வரிசையில் வைத்து, விளிம்பைச் சரிபார்த்துக்கொண்டாள். "மழை இருட்டுல்லா, தெரியல. நீங்களே எடுத்துக்கிடுங்க," என்று சுக்குக் காப்பி போட எழுந்து போனாள்.

மழை இருட்டு இல்லை அன்று. சன்னலுக்கு வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இதை அவர் அன்றைக்கு எண்ணிப் பார்க்கவில்லை. பிறகு எண்ணாத நாள் இல்லை.

வாசல் வரை வந்த மீரான், செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, கோவிச்சுக்காதீய. அக்காவுக்கு ரொம்ப மங்கிட்டோ என்னமோ. பாதிலயாவது ஒருக்கக் காட்டிருங்களேன்."

"மூளியா எதக் காட்டச் சொல்லுதீரு? முடியட்டும் வே. முழுசாப் பாக்கட்டும்."

பச்சை ஏறியது, ஆனி முதல் வாரத்தில். ஏறிய மறுநாள் சாரல் பிடித்தது. நெளிசலை அவர் தூரிகையால் வரைந்தார். கூட்டைக் கையால் அமுக்கி நெளிப்பது முரட்டு வேலை. கண்ட அளவுக்குக் குழிந்துவிடும். வரைவாளனோ தட்டையான தாளில் நிழல் போட்டே பள்ளம் காட்டுகிறவன். கீழ்விளிம்பில் கரும்பச்சை, மேல்விளிம்பில் வெளிச்சக்கீற்று, நடுவில் மைல்கல்லின் சுண்ணாம்பு. ஐந்து பூச்சு. நான்கு நாள். பூதக்கண்ணாடி வழியே பார்த்தபோது, தாம் செய்ததிலேயே தலையாயது இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதில் பிழையில்லை.

மிஞ்சியது மேலே அடிக்கும் பளபளப்புப் பூச்சு. அதற்கு ஈரக்காற்று ஆகாது. காற்றில் நீர் மிகுந்திருந்தால், அடித்த நிமிடத்திலேயே பால் படர்ந்ததுபோல வெளுத்துவிடும். அறுபத்தைந்துக்குக் கீழே இறங்க வேண்டும் மானி. ஆனி முழுவதும் அது எண்பதைவிட்டு இறங்கவில்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு மாலை அடித்துப் பார்த்தார்; பச்சை முழுவதும் மூடுபனியாகிவிட்டது. தேய்த்து எடுக்க எட்டு நாள்.

சாலையிலோ திருவிழா. எண்ணெய் பளபளக்கும் முதுகோடு கார்களிலிருந்து இறங்குகிறவர்கள், ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூவி விற்கிறவர்கள், ஈரத்துணியைச் சன்னலில் பறக்கவிட்டுப் போகும் பேருந்துகள். செண்பகவல்லி வராந்தாவில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வரவர, பார்ப்பதைவிடக் கேட்பது மிகுந்து வந்தது. உளுந்தஞ்சோற்றுக்கு அரைத்த எள்ளுத்துவையலில் ஒரு நாள் உப்பு இரண்டு மடங்கு. அதற்கும் அவர் ஏதோ சொன்னார்.

ஆடி இரண்டாம் புதன்கிழமை ஊசிக்கு நாள். விடியற்காலையில் எழுந்து வராந்தாவுக்கு வந்தவர், காற்று மாறியிருப்பதைத் தோலிலேயே உணர்ந்தார். மலை முழுசாகத் தெரிந்தது. மானி அறுபத்துமூன்று.

செண்பகவல்லி குளித்து, சேலை மாற்றி, கூடைப்பையில் தண்ணீர்ப் போத்தலும் கோதுமைத் தோசையும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"செண்பகம், ஊசிய அடுத்த வாரத்துக்கு மாத்திக்கிட்டா என்ன? அறுவத்திமூணு காட்டுது. இந்த மாசம் இப்பிடி இன்னொரு நாள் வராது."

அவள் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "இன்னைக்கி அடிச்சா முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும். காஞ்சிட்டுன்னா வெள்ளிக்கெழம நீ பாக்கலாம்."

"வெள்ளிக்கெழம பாத்திரலாம்?"

"பாத்திரலாம்னு சொல்லுதேன்லா."

"அப்பம் அடிங்க," என்று பையை வைத்தாள். தோசையை எடுத்துத் தட்டில் போட்டாள். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டதற்கு, இனி ஒன்பது நாள் கழித்துத்தான் இடம் கிடைக்கும் என்றார்கள். ஒன்பது நாள்தானே என்று இருவருமே சொல்லிக்கொண்டார்கள்.

பூச்சு கண்ணாடியாக இறங்கியது. மூன்று தடவை அடித்தார். மூன்றாவது தடவை அடித்து நிமிர்ந்தபோது, பானெட்டின் நடுவில் ஒரு கொசு. கூரையிலிருந்து இறங்கி, ஈரப்பூச்சில் உட்கார்ந்து, ஆறு காலும் விரிய ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்தால் தழும்பு நிற்கும். விட்டால் கொசு நிற்கும்.

வெள்ளிக்கிழமை செண்பகவல்லி தலைக்குக் குளித்துவிட்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் ஆகல," என்றார் உள்ளிருந்து. "கொசு விழுந்துட்டு. தேச்சுத் திரும்ப அடிக்கணும்."

"ஒரு கொசுதான? அது பாட்டுக்கு இருக்கட்டுமே. நம்ம வண்டியில கொசு இல்லாமலா இருந்துச்சு? ராத்திரி செங்கோட்டைக்குப் போயிட்டு வந்தா பிள்ள காலெல்லாம் தடிப்பாலா இருக்கும்."

"பன்னெண்டுல ஒரு பங்கு வண்டியில இந்தக் கொசு காக்கா அளவுக்கு வரும். காக்காய ஒட்டிக்கிட்டா ஓட்டினோம்?"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சற்றுநேரம் அங்கேயே நின்றாள். திரைக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பது அவருக்குத் தெரிந்தது. பிறகு கால்கொலுசு இல்லாத அந்த மெல்லிய நடை அடுக்களைக்குப் போயிற்று. மாலையில் சாரல் திரும்ப வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள்.

"ஏங்க, இங்கன கொஞ்சம் வாங்க." குரலில் பதற்றமே இல்லை. "கண்ணுக்குள்ள யாரோ மை ஊத்துதா. ஒரு கிண்ணம் தண்ணியில ஒரு சொட்டு மை விட்டா எப்பிடி விரியும், அப்பிடி விரியுது."

முப்பத்துநான்கு ஆண்டுகள் மையோடு வாழ்ந்தவருக்கு அது எப்படி விரியும் என்று தெரியும். விரிந்ததைத் திரும்ப அள்ள முடியாது என்பதும் தெரியும்.

திருநெல்வேலியில் பார்த்தவர்கள் மதுரைக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள் இரத்தக்குழாய் கசிந்து, விழித்திரை கழன்றிருந்தது. அறுவை செய்தார்கள். முகத்தைக் கவிழ்த்துப் பதினைந்து நாள் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். செண்பகவல்லி ஒரு நாள்கூடப் புரளவில்லை. சொன்ன விதிக்கு நிற்பதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. கட்டுப் பிரித்தபோது வெளிச்சமும் நிழலும் தெரிந்தன. ஆள் வருவது தெரிந்தது; யாரென்று தெரியவில்லை. இதற்குமேல் தேறும் என்று சொல்லமுடியாது என்றார் மருத்துவர்.

"அந்தப் புதன்கெழமை ஊசி போட்டிருந்தா?" என்று சங்கரநாராயணன் கேட்டார். தாமே கேட்டார்.

"தடுத்திருக்கலாம். தடுக்காமலும் இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது," என்று மருத்துவர் அடுத்த நோயாளியின் தாளை எடுத்துக்கொண்டார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அபர்ணா மருத்துவமனைக் கூடத்தில் அவரை நிறுத்தினாள். "எந்தப் புதன்கெழமை அப்பா? நீங்க போகலையா? ஏன் போகல?"

பேருந்து இல்லை, உடம்பு சரியில்லை என்று ஏதேனும் சொல்லியிருக்கலாம். பொய்க்கோடு வரைந்து கைக்குப் பழக்கமில்லை; நாக்குக்கும் பழக்கமில்லை.

"வெயில் அடிச்சுச்சு. பெயிண்டு அடிச்சேன்."

"காருக்கு?" என்றாள் அபர்ணா.

"அம்மா கேட்ட காருக்கு."

"அம்மா கேட்டது காரா அப்பா? அம்மா கேட்டது பாக்கறதுக்கு." ஊருக்குத் திரும்பும்வரை, வேண்டியதை மட்டும் கேட்டு, வேண்டியதை மட்டும் செய்தாள். அது வைவதைவிடக் கடுமையாக இருந்தது.

வீட்டில் பொருள்கள் தத்தம் இடத்திலேயே இருந்ததால் செண்பகவல்லி விரைவில் நடமாடத் தொடங்கினாள். ஈயச் சொம்பு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. உப்பு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அடுப்புப் பக்கம் அவரே நின்றார். குழம்பு கூட்டுவது எப்படி என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, எழுபது வயதில் கற்றுக்கொண்டார். "புளிய இன்னும் கொஞ்சம் கரையுங்க. கரண்டியால இல்ல, விரலால," என்பாள். அறைக்கதவை அவர் திறக்கவில்லை. ஆவணி முழுவதும் அது பூட்டியே கிடந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் அவளே கேட்டாள்.

"கொசுவ எடுத்தாச்சா?"

வெங்காயம் அரிந்த அவர் கை நின்றது. "இல்ல."

"பெறவு? அப்பிடியே போட்டு வைக்கப் போறியளா?"

"யாரு பாக்கதுக்கு, செண்பகம்?"

"அது எம்பாடு. நீங்க எடுத்த வேலைய முடிங்க." பிறகு சொன்னாள்: "ஒரு நாள் நீங்க மீரான் கடைக்குப் போயிருந்திய. கதவு பூட்டல. தெரைதான் கெடந்துச்சு. விலக்கினா தெரியும். அன்னைக்கி எனக்கு நல்லாவே தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"பாத்தியா?" அவள் பார்த்திருக்க வேண்டும் என்று, வாழ்நாளில் முதன்முறையாக, தம் விதி மீறப்பட்டிருக்க வேண்டும் என்று அவர் மனம் கெஞ்சியது.

"பாக்கப்பிடாதுன்னு சொல்லியிருந்தியள்லா," என்றாள் அவள்.

கொசுவைத் தேய்த்து எடுத்தார். ஊர் காய்ந்து கிடந்தது. அருவியில் தண்ணீர் இல்லாமல் பாறை தெரிந்தது. கடைகள் தட்டி சாத்திவிட்டன. மானி ஐம்பத்தெட்டு. எந்த நாளில் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒரே தடவையில், ஒரு குறையும் இல்லாமல், பூச்சு படிந்தது.

முடிந்த அன்று மீரானும் வந்திருந்தார். காரைச் சுற்றிவந்து பார்த்தார். மட்கார்டுக்கு நேரே குனிந்தவர், நாக்கைச் சப்புக்கொட்டி, "அல்லா! இப்பம் சுத்தியல எடுத்துத் தட்டிரலாம் போல இருக்கு," என்றார்.

சங்கரநாராயணன் காரைத் தூக்கிக்கொண்டு போய், நாற்காலியில் இருந்தவள் மடியில் வைத்தார். "புடிச்சுக்கோ."

"தொடலாமா?"

"தொடு," என்றார்.

அவள் இரு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டாள். கூரையில் தொடங்கினாள். முன்கண்ணாடி, பானெட், விளக்கு வளையம், பம்பர். "ஐயோ, நம்பர் தகடுகூட இருக்கு." சன்னலுக்குள் சுண்டுவிரலை விட்டு இருக்கையைத் தடவினாள். "இது என் கட்டம்போட்ட ரவிக்கைலா? இதத்தான் தேடுனேன், எங்கன போச்சுன்னு." மீரான் சிரித்தார். அவள் விரல் கதவைக் கடந்து, பின்னால் போய், இடப்பக்க மட்கார்டில் நின்றது. மேலும் கீழும் போயிற்று. திரும்ப வந்தது. காரைத் திருப்பி வலப்பக்கத்தைத் தடவிவிட்டு, மறுபடியும் இடப்பக்கத்துக்கே வந்தது.

"நெளிசல் எங்க?"

விரலை மறுபடி ஓட்டினாள்.

"மைல்கல்லுல நான் இடிச்சது. போடலையா?"

"போட்டிருக்காவ அக்கா," என்றார் மீரான் அவசரமாக. "தத்ரூபமா இருக்கு. சுண்ணாம்புகூட இருக்கு."

"வழவழன்னுலா இருக்கு தம்பி."

அப்போதுதான் சங்கரநாராயணனுக்குத் தாம் செய்தது விளங்கியது. ஐந்து பூச்சு நிழல், நான்கு நாள் வேலை, பதினாறு துண்டு உப்புத்தாள். அவள் விரலுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. "வரைஞ்சிருக்கேன், செண்பகம். கண்ணுக்குத்தான் தெரியும்," என்றார்.

"சரி, சரி," என்றாள் அவள், அவரைத் தேற்றுகிறவள்போல. ஆனால் விரலை எடுக்கவில்லை. "நான் அந்த வண்டிய பதினோரு நாள் ஓட்டினேன்லா. ஓட்டினேன்னு சொல்லுததுக்கு எங்கிட்ட வேற என்ன இருக்கு? அதுக்குத்தான் அன்னைக்கி இந்தத் தம்பிய தட்டவிடல. பாக்கணும்னு கேட்டதே அதத்தான்."

சங்கரநாராயணன் எழுந்து போனார். அடுக்களையில் அடுப்பைப் பற்றவைத்து, இரும்புக் கரண்டியொன்றைச் சூடேற்றினார். திரும்பி வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். முட்டி மடங்கமாட்டாமல், மீரான் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சூடேறிய கரண்டியின் முதுகை மட்கார்டின் உட்புறத்தில் பிடித்தார்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதிய? பூச்சு வெடிச்சிரும்!"

"வெடிக்கட்டும் வே."

தகடு இளகியது. கரண்டியை எடுத்துவிட்டு அவள் கட்டைவிரலைப் பிடித்தார். "சுடும். பரவாயில்லையா? நீதான இடிச்ச. நீயே இடி."

அவள் விரலை வைத்தாள். அழுத்தினாள். கண்ணாடிப் பூச்சு நெறுநெறுவென்று விரிசல் விட்டது. சுண்ணாம்பு வண்ணத்தில் ஒரு சில்லு தெறித்து அவள் சேலையில் விழுந்தது. விரலை எடுத்து ஊதிக்கொண்டு, திரும்பத் தொட்டுப் பார்த்தாள்.

"சரியா இருக்கா? படத்தப் பாத்துச் சொல்லுங்க."

புகைப்படம் மேசையில் இருந்தது. அதில் நெளிசல் சக்கரத்தை ஒட்டி இருந்தது. அவள் அழுத்திய இடம் ஒரு விரல்கடை பின்னால், சற்றுக் கீழே. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கிட்டால் முக்கால் அடிக்கு மேல் பிழை. வரைந்த நெளிசல் ஒருபுறமும் விழுந்த நெளிசல் மறுபுறமுமாக, மைல்கல் இரண்டு இருந்தாற்போலக் கிடந்தது.

"சரியா இருக்கு," என்றார்.

செண்பகவல்லி அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"பொய் சொல்லுதிய. கல்யாணம் ஆன நாள்லருந்து நான் செஞ்ச எதையும் நீங்க சரியா இருக்குன்னு சொன்னதே கெடையாது."

அவள் காரை மடியில் இன்னும் சற்று இழுத்து வைத்துக்கொண்டு, சுட்ட விரலாலேயே அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.